ஆடு மூக்கு ஒழுகும்போதே சாம்பிள் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடப்பது பற்றிப் படித்தேன். நல்ல காரியம். ஆனால் சோதனையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போன மாசியில் சந்தையில் இரண்டு கிடாய்க்குட்டி பிடித்துவந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல். கண்ணில் பீளை, மூக்கை அடைத்துக் காய்ந்துபோன சளி. வாயைத் திறந்தால் ஈறு முழுக்கத் தவிடு தூவினாற்போல் படிந்திருந்தது. அப்புறம் கழிச்சல். சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள். சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரியவில்லை. பதினொரு ஆடு போன பிறகுதான் செத்த ஆட்டின் மண்ணீரலை ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் பக்கத்துப் பட்டியிலும் விழ ஆரம்பித்துவிட்டது.

மூக்குச் சளியைப் பஞ்சில் தொட்டு அனுப்பியிருந்தாலே தெரிந்திருக்கும். மோனோகுளோனல் ஆன்டிபாடி என்பது ஒரே ஒரு இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும்படி ஆய்வகத்தில் ஒரே அச்சாகச் செய்த எதிர்ப்புப் புரதம். இந்தக் கிருமியின் புரதத்தை மட்டும் அடையாளம் கண்டு பற்றிக்கொள்கிற அப்படி ஒன்றை வைத்து, முக்தேஸ்வரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் எலைசா கிட் செய்திருக்கிறார்கள்; சாம்பிளில் கிருமி இருந்தால் நிறம் மாறிக் காட்டும் சோதனை அது. மாட்டுக்கு வந்த வெக்கை நோய்க் கிருமியும் இதுவும் நெருங்கிய உறவு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துச் சொல்வது இந்த ஆன்டிபாடிதான். ரத்தத்தைச் சோதிக்கும் இன்னொரு கிட், போட்ட தடுப்பூசி ஆட்டுக்குப் பிடித்ததா என்று காட்டும்.

நாய்க்கு வரும் பார்வோ கழிச்சலுக்கு அமெரிக்காவில் 2023-ல் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசிக்கே நிபந்தனையோடு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கிருமி குடல் செல்லுக்குள் நுழையாதபடி அது மறித்துவிடுமாம். ஆட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம், ஆட்டின் விலையைவிட ஊசியின் விலை கூடாமல் இருந்தால். அதுவரை ஆன்டிபாடியால் நமக்குக் கிடைக்கக்கூடிய பலன் நேரத்தோடு வரும் சோதனை முடிவுதான்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1987-ல் தெரியவந்தது எங்கள் விழுப்புரம் பக்கத்து அரசூரில். நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசிக்கு எடுத்த கிருமிக்கே 'அரசூர் 87' என்றுதான் பெயர். 2030-க்குள் உலகத்தை விட்டே இதை ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் முதல் ஆடு மூக்கு ஒழுகும் அன்றே கால்நடை மருந்தகத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் முடிவை ஆட்டுக்காரரின் போனுக்கே அனுப்ப வேண்டும். ஆட்டுக்கொல்லி என்று உறுதியானால் அந்தப் பட்டியிலிருந்து ஒரு ஆடும் சந்தைக்குப் போகக் கூடாது. சுற்றுவட்டப் பட்டிகளுக்கு அந்த வாரமே தடுப்பூசி போட வேண்டும்.

இப்படிக்கு,
வெள்ளாடு வளர்க்கும் வாசகர்,
விழுப்புரம் மாவட்டம்