ஓட்டையே சாட்சி

அன்புள்ள நாராயணா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. இங்கே எல்லோரும் நலம். டெல்லி வெயில் வழக்கம்போல். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம். மகளின் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும், நாம் சேர்ந்து வாங்கிய முகலாயப் பாதுஷா ஜஹாங்கீர் ஓவியத்தை விற்று என் பாதியை அனுப்பு என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டேன்.

சொல்லிவிடுகிறேன். ஜஹாங்கீர் போலி.

ஜெய்ப்பூர் கடைக்காரர் "1605, பட்டமேற்ற வருடத்து அசல்" என்று சத்தியம் செய்தபோது முதலில் பர்ஸைத் திறந்தது நீதான். (என் பேரம் பேசும் லட்சணத்தைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம்.) அந்த 1605-ஐப் படமே பொய்யாக்குகிறது. பாதுஷாவின் காதில் கடுகளவு முத்து தொங்குகிறதே, நினைவிருக்கிறதா? அவர் காது குத்திக்கொண்டது 1614-இல். நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றியாக, அஜ்மீர் குவாஜா மொயினுத்தீன் சிஷ்டியின் அடிமை என்பதற்கு அடையாளமாகக் குத்திக்கொண்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். இத்தனை வருடமாக அந்த முத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே காப்பி குடித்திருக்கிறேன்!

சரி, பத்துப் பதினைந்து வருடம் பிந்தியது, அவ்வளவுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். உனக்கு நல்ல விலைக்குப் போகட்டும் என்று, பழைய ஓவியங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சட்டத்தைக் கழற்றினார். பின்பக்கம் முழுக்கப் பாரசீக எழுத்து. எனக்குக் கை நடுங்கியது. அரசவை முத்திரையா, ஓவியன் பெயரா? ஓய்வுபெற்ற பாரசீகப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்: குதிரைக்கு வயிற்று உப்புசம் கண்டால் கொடுக்க வேண்டிய மருந்து.

தாள் பழையதுதான். பழைய கையெழுத்துப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து, அதன்மேல் புதிதாக வரைந்து விற்பது ஜெய்ப்பூர்ப் பக்கம் நெடுநாள் தொழிலாம். பிறகு செப்பனிடுபவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, தோள்பட்டை அருகே உள்ள புழு ஓட்டையைப் பார்க்கச் சொன்னார். நம் ஓட்டை! வந்தவர் போனவரிடமெல்லாம் "ஓட்டையே சாட்சி" என்று நீ காட்டுவாயே, அதே ஓட்டை. வரைந்த பிறகு புழு அரித்திருந்தால் வண்ணமும் தாளோடு சேர்ந்து அறுபட்டிருக்க வேண்டும். இங்கோ பச்சை வண்ணம் ஓட்டையின் உள்விளிம்பில் இறங்கி, பின்பக்கக் குதிரை மருந்தின்மேல் ஒரு துளி வழிந்திருக்கிறது. புழு சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஓவியன் உட்கார்ந்திருக்கிறான். சாட்சி சொல்லத்தான் செய்தது, எதிர்த் தரப்புக்கு.

அன்றிலிருந்து எனக்கு இதே பைத்தியம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வரிக்குதிரைப் படம் இருக்கிறது. ஓரத்தில் ஜஹாங்கீர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) வந்த மிருகம், வரைந்தவர் மன்சூர், ஹிஜ்ரி 1030, ஆட்சியின் 16-ஆம் ஆண்டு. நம் கணக்கில் 1621. மிருகத்தின் மேல் யாரோ வரி தீட்டி ஏமாற்றுகிறார்களோ என்று பரிசோதிக்கவும் செய்தாராம். அந்தச் சந்தேகத்தில் கால்வாசி நமக்கு அன்று இருந்திருக்கலாம்.

ஆனால் பெரிய இடங்களிலும் இந்தக் கலப்படம் உண்டு. கெவோர்கியன் ஆல்பம் என்று முகலாய ஓவியத் தொகுப்பு ஒன்று, மொத்தம் 50 ஏடு. 41 நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் மீதி வாஷிங்டனிலும் இருக்கின்றன. அதில் 17-ஆம் நூற்றாண்டு அசல்களோடு 19-ஆம் நூற்றாண்டு நகல்களும் கலந்திருக்கின்றன. இதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்தலாம் என்று பார்த்தேன். அதனால் முன்பணம் கட்ட முடியாது, தெரியும்.

நாராயணா, எவ்வளவு குறைகிறது என்று ஒளிக்காமல் எழுது. என் வைப்புத்தொகை ஒன்று ஆடியில் முதிர்கிறது. அதை எடுத்துக்கொள், வட்டிப் பேச்சு எடுத்தால் கோபம் வரும். ஜெய்ப்பூரில் உன் பணத்தையும் சேர்த்து அந்தப் படத்தில் போடவைத்தது என் வாய்தான்.

படத்தை மறுபடி சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் கண்ணாடி. உன் முட்டிவலிக்கு அந்தக் குதிரைப் புத்தகத்தில் ஏதாவது உண்டா என்று பேராசிரியரிடம் கேட்டேன். இந்த ஒரு தாள்தானே கையில் இருக்கிறது, வயிற்று உப்புசத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம் என்கிறார்.

உன்
கிருஷ்ணன்