எண்ணெய் முகரும் பெட்டியும் மலையகக் குளிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேங்காய் எண்ணெயில் பாம் எண்ணெய் கலந்திருக்கிறதா என்று மணத்தை வைத்துச் சொல்லும் ‘மின்மூக்கு’ப் பெட்டிகளை மாணவர்கள் செய்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் கொழும்பில் அளவுதிருத்திய பெட்டி நுவரெலியாவில் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

இந்தப் பெட்டிகளில் உள்ள எம்கியூ-3, எம்கியூ-135 போன்ற வாயு உணரிகளில் சூடான வெள்ளீய ஒட்சைட்டின் மேல் ஒட்சிசன் படிந்திருக்கும். எண்ணெயின் ஆவி அதனோடு தாக்கமுறும்போது உணரியின் மின்தடை குறைகிறது. நாம் அளப்பது அதைத்தான். நுவரெலியாவின் உயரத்தில் வளியமுக்கம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஒட்சிசனும் அப்படியே. மழை, மூடுபனி ஈரம் வேறு. சுத்தமான காற்றிலேயே தடை மாறிப்போகும். எனவே ஒவ்வொரு மாதிரிக்கும் முன்பு அதே அறைக் காற்றில் தடையை அளந்து, மாதிரியின் தடைக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை மட்டும் பதிய வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் குளிர் குறுக்கிடும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். பாதி உறைந்த போத்தலைச் சரித்தால் உறையாத பகுதி மட்டுமே வரும். முழுப் போத்தலையும் வெந்நீரில் உருக்கிக் குலுக்கி, 10 மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, ஆவி சேர 50 பாகை நீரில் 15 நிமிடம் வையுங்கள். (உறைந்தால் சுத்தம் என்பார்கள். கொஞ்சம் பாம் எண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெயும் இந்தக் குளிரில் உறையத்தான் செய்யும்.)

பெட்டி கெடும் இடங்கள் வேறு. ஓர் உணரியின் வெப்பமாக்கி சுமார் 150 மில்லியம்பியர் இழுக்கும். நான்கைக் கணினியின் யூஎஸ்பி 2.0 துளையில் மாட்டினால் அதன் 500 மில்லியம்பியர் போதாமல் வோல்ற்றளவு சரியும், அளவீடும் நழுவும். தனியாக 5 வோல்ற்று, 2 அம்பியர் மின்வழங்கி வேண்டும். புதிய உணரியை ஒரு நாளாவது சூடாக்கி வையுங்கள். கசிவை அடைக்கச் சிலிக்கன் பசை பூசவே கூடாது. அதன் ஆவி உணரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். இன்று முழுக்கத் தேங்காய் எண்ணெய், நாளை முழுக்கப் பாம் எண்ணெய் என்று அளப்பதும் வீண். பெட்டி எண்ணெய்களை அல்ல, அளந்த நாட்களைத்தான் பிரித்துக் காட்டும். மாதிரிகளைக் கலைத்து அளக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், மணம் நீக்கிச் சுத்திகரித்த தேங்காய் எண்ணெயில் முகர அதிகம் இல்லை. பழசாகிப் பாண்டல் அடித்த, கலப்படமில்லாத எண்ணெயையோ பெட்டி கலப்படம் என்று சொல்லிவிடலாம். அங்கே, எண்ணெயில் ஒளி எவ்வளவு முறிகிறது என்று அளக்கும் ஒளிமுறிவுமானியே மேல்: 40 பாகையில் தேங்காய் எண்ணெயின் முறிவுச்சுட்டி 1.448–1.450, பாம் எண்ணெயின் திரவப் பகுதியான பாம் ஒலீனுக்கு 1.458–1.460. மானியில் எண்ணெய் வைக்கும் கண்ணாடி அரியம் குளிர்ந்திருந்தால் இந்த இடைவெளி பெருமளவு தொலைந்துவிடும். அதையும் 40 பாகைக்குச் சூடாக்குங்கள்.

பெட்டியின் அளவீட்டை மட்டும் வைத்து எந்தக் கடைக்காரரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம். சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியர்கள் இருவர்,
ஹட்டன்