பின்னல் கற்களுக்கு விளக்கப் பலகை எழுதுவோருக்கு

அன்புடையீர்,

வணக்கம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய சிற்பக் கற்களின் அருகே நீங்கள் வைக்கும் பலகைகளை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன் நான். அவற்றில் ஒரு விஷயம் உறுத்துகிறது. கல்லில் உள்ள பின்னல் வேலை ஆதிகாலச் செல்டியரின் (பண்டைய ஐரோப்பாவின் ஓர் இனக்குழுவினர்) நித்தியச் சின்னம் என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறீர்கள்.

கால்வே கவுண்டியில் உள்ள டுரோ கல்லைப் பாருங்கள். கிறிஸ்தவம் வருமுன், இரும்புக் காலத்தில் செதுக்கியது. சுருளும் நெளிவும் மேலெல்லாம் ஓடுகின்றன. ஆனால் ஒன்றன்மேல் ஏறி இன்னொன்றின் அடியில் நுழையும் இழை ஒன்றுகூட இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்லெம்னோவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். சாலையோரத்துப் பழைய கல்லில் பாம்பையும் கண்ணாடியையும் வெறும் கோடாகக் கீறியிருக்கிறார்கள். அதே ஊர்த் தேவாலய வளாகத்தில் நிற்கும் பிற்காலக் கல்லிலோ சிலுவை முழுக்கப் பின்னல். (கோடையில் போங்கள், குளிர்காலத்தில் மரப்பெட்டி போட்டு மூடிவிடுவார்கள்.) சிலுவை வந்த பிறகுதான் கல்லில் பின்னல் ஏறியது.

அதற்கு ஒரே வேர் கிடையாது. ரோமானியர் பிரிட்டனில் விட்டுப்போன மொசைக் தரைகளின் ஓரங்களில் சடை போன்ற பட்டைகள் உண்டு. இத்தாலியிலும் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் பின்னல் இருந்தது. ஜெர்மானியப் பொற்கொல்லர்கள் விலங்குகளின் உடலையே இழையாக்கிப் பின்னினார்கள். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைமேட்டில் கிடைத்த தங்கப் பெல்ட் பக்கிள் அதற்குச் சாட்சி. அது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டரோ நற்செய்திச் சுவடி என்ற கையெழுத்து நூலில் துறவிகள் பின்னலை நிரப்பிவிட்டார்கள்.

சரி, அப்படியானால் பிரிட்டன், அயர்லாந்துத் தீவுக்காரர்கள் செய்தது என்ன? சுவையான பகுதியே அதுதான், நீங்கள் அதை எழுதுவதே இல்லை. செல்டியக் கலையை ஆராய்ந்த ரொமிலி ஆலன் 1904இலேயே விளக்கினார். சாதாரணச் சடைப்பின்னலில் இழைகள் குறுக்கிடும் ஓரிடத்தை வெட்டுங்கள். வெட்டிய நுனிகளைப் பக்கத்து நுனிகளோடு சேருங்கள். நேரே போக வேண்டிய இழை திரும்பி வளையும், முடிச்சு பிறக்கும். வெட்டும் இடத்தை மாற்றினால் முடிச்சும் மாறும். கிட்டத்தட்ட எல்லா வடிவங்களும் எட்டே அடிப்படை முடிச்சுகளில் அடங்கும் என்றார் அவர். கடனாக வந்த பின்னலை இவ்வளவு தூரம் வளர்த்த கைகளைப் பாராட்ட நித்தியம் எதற்கு? செதுக்கியவர்கள் பொருள் எதையும் எழுதிவைக்கவும் இல்லை.

அடுத்த முறை பலகை மாற்றும்போது '7ஆம் நூற்றாண்டு முதல்' என்று போடுங்கள். அப்புறம், வெட்டாத சடை ஒன்று, வெட்டிச் சேர்த்த சடை ஒன்று என இரண்டு சின்னப் படங்கள் போதும். கல்லில் எங்கே வெட்டினார்கள் என்று பிள்ளைகள் தாங்களே விரல் வைத்துத் தேடுவார்கள்.

இப்படிக்கு,
பலகைகளின் வாசகன்