கட்டுச்சோறு மட்டுமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் மிதவையுயிரிகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, வட அட்லாண்டிக்கின் துடுப்புக்காலிகள் (கோப்பிபாட் எனப்படும், இறாலுக்கு உறவான சின்னஞ்சிறு ஓட்டுயிரிகள்) குளிருக்கு அஞ்சி ஆழத்தில் உறங்குகின்றன என்றும், அவற்றின் உடற்கொழுப்பு அந்த உறக்கத்துக்கான கட்டுச்சோறு என்றும் சொல்லி முடித்துவிட்டது. முதற்கூற்று பிழை, இரண்டாம் கூற்று பாதியளவே உண்மை.

கட்டுரை குறிப்பிடும் உயிரி, நார்வேயின் ஆயர் குன்னெரஸ் 1770இல் விவரித்த கலானஸ் ஃபின்மார்கிகஸ். வளர்ந்த நிலையிலும் அது ஓர் அரிசிக் குறுணை அளவே இருக்கும். கோடையில் அதன் ஐந்தாம் இளம்பருவத்து உயிரியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற ஓட்டுக்குள், குடலை ஒட்டி நீளவாக்கில் ஓர் எண்ணெய்ப் பை மினுங்குவதைக் காணலாம். நன்கு மேய்ந்த உயிரியில் அது உடலின் பாதிக்கும் மேலான இடத்தை அடைத்திருக்கும். அதிலிருப்பது நம் தோலடியில் படியும் வகைக் கொழுப்பன்று. வசந்தகாலத்தில் பெருகும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளை மேய்ந்து, கொழுப்பமிலத்தையும் நீள்சங்கிலி ஆல்கஹாலையும் இணைத்து அவ்வுயிரி ஆக்கிக்கொண்ட மெழுகு எஸ்டர். ஆழத்தின் அழுத்தத்தில் இம்மெழுகு கடல்நீரைவிட அதிகமாகச் சுருங்குவதால், அங்கே மிதப்பதற்கும் அமிழ்வதற்கும் இடைப்பட்ட நிலையில், அதிகம் துடுப்புப் போடாமலே அதனால் நிற்க முடிகிறது. எஞ்சும் மெழுகுதான் பின்னர் வளர்ந்த பருவத்துக்குத் தோலுரிக்கவும் இனவுறுப்புகளை ஆக்கவும் செலவாகிறது.

கட்டுரை தவறவிட்ட முக்கியமான செய்தி கார்பனைப் பற்றியது. மிதவையுயிரிகளின் கழிவும் சடலமும் கார்பனைக் கீழே கொண்டுசெல்வதற்கு முழுப் பத்தி ஒதுக்கியவர், கொழுப்பை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மேலிருந்து விழும் கழிவில் பெரும்பகுதியை வழியிலேயே பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. உயிருள்ள உடலுக்குள் இருக்கும் மெழுகோ சேதாரமின்றி 600 மீட்டருக்கும் கீழே போய்ச் சேர்ந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல எரிந்து, கார்பன் டை ஆக்சைடாக அங்கேயே கரைகிறது. மெழுகில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லை. ஆகவே மேற்பரப்பின் உரச்சத்தைப் பறிக்காமல் கார்பன் மட்டும் இறங்குகிறது. கடல் ஆய்வாளர் சிக்ருன் யோனஸ்தோத்திரும் அவருடைய சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஒரே இனம் வட அட்லாண்டிக்கில் இவ்வாறு இறக்கும் கார்பன், விழும் கழிவு கொண்டுசெல்வதற்கு ஈடானது என்று மதிப்பிட்டது. அதாவது பழைய கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதை விட்டுவிட்டு மீன்களின் பசியைப் பற்றி மூன்று பத்தி எழுதியது எனக்குப் புரியவில்லை.

குளிர் காரணமன்று என்பதற்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. மேல்நீர் ஆண்டிலேயே மிக வெதுவெதுப்பாக இருக்கும் ஜூலை, ஆகஸ்டிலேயே இவற்றில் பல இறங்கத் தொடங்கிவிடுகின்றன. இன்னும் அருகிலும் சான்று உண்டு. நமக்கு ஆடிக்காற்று வீசும் மாதங்களில், சோமாலியக் கரையோரம் அடிநீர் மேலெழும்போது அரபிக்கடலின் மேற்பரப்பில் பெருகும் கலனாய்டிஸ் கரினாட்டஸ் என்னும் துடுப்புக்காலி, காற்று ஓய்ந்து உணவு குன்றியதும், இதே போன்ற எண்ணெய்ப் பையோடு ஆழத்தில் ஒடுங்கிவிடுகிறது. அங்கே ஏது பனிக்காலம்? எனவே கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது 'குளிர்கால உறக்கம்' என்ற சொல்லை நீக்கி, 'பருவ ஒடுக்கம்' என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்