நாலாவது கட்டம்

தம்பி,

முடிவெடுத்துவிட்டோம். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு வந்து சேரக்கூடாது என்றுதான், உறவில் பாதிப் பேர் படிப்பார்கள் என்று தெரிந்தும் இங்கே எழுதுகிறேன்.

உனக்கு இருக்கிற தலசீமியா, ரத்தம் சரியாக ஊறாத அந்தப் பரம்பரை நோய், எங்கள் பிள்ளைக்கும் வராமலிருக்கக் கருவைச் சோதித்துத்தான் கருப்பையில் வைக்கப் போகிறோம். எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கரு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஆணா பெண்ணா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அதைப் பார்ப்பது சட்டப்படி குற்றம். பார்க்க மாட்டோம்.

வளவில் நீ சாக்பீஸோடு உட்கார்ந்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. உனக்கு ஏழு வயது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் கேரியர் (நோயில்லாமல் அதன் மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் நம் அப்பச்சிக்கு ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் ஆத்தங்குடிக் கல்லின் மேல் அதே நாலு கட்டத்தை நீ வரைந்தாய். பாண்டி ஆடப்போகிறாய் என்று நினைத்தேன். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை எடுக்க ராத்திரி போடும் பம்ப் ஊசி குத்தி வீங்கிய வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நோய்க்கான நாலாவதில் போய்ச் சம்மணம் போட்டாய். "இது என் வீடு. ஆச்சி, மத்த மூணுல நீ எது வேணா எடுத்துக்க."

நான் பக்கத்துக் கட்டத்தில் நின்றேன். நானும் கேரியர் என்று அப்போது தெரியாது.

அந்த நாலாவது வீட்டைத்தான் இப்போது வேண்டாம் என்கிறேன். உனக்கு அப்படித்தான் கேட்கும். மன்னித்துவிடு. ஆனால் மூன்று வாரத்துக்கொரு தடவை ரத்தம் ஏற்றுவதைத் தெரிந்தே இன்னொரு பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்?

தலசீமியா மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களை மலேரியா அதிகம் கொல்லவில்லை. அப்படித்தான் அது தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. அத்தனை காலமும் கொசு பொறுக்கியது. நம்மவர்கள் ஒரே கோயில் பிரிவைச் சேர்ந்த பங்காளி வீடுகளுக்குள் பெண் எடுக்காமல் தங்களுக்குத் தெரிந்தபடி பொறுக்கினார்கள். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். இப்போது அந்த வேலை என் கைக்கு வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது. 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குயி கருவின் மரபணுவையே திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். அந்தத் திருத்தம் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகக்கூடும். அந்தப் பக்கம் நான் போகவே மாட்டேன். 2023-ல் பிரிட்டன் அனுமதித்த, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் செய்யும் சிகிச்சை வேறு. அது உன் மஜ்ஜைச் செல்லோடு நின்றுவிடும். அதற்காக என் நகையெல்லாம் விற்கத் தயார்.

ஆனால் நீ மூணு மாசமாக இரும்பை எடுக்கிற மாத்திரை போடவில்லை என்று, உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவேண்டுமா? ஆத்தா என் பள்ளிக்கூட ஆண்டுவிழா ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. எல்லா வருஷமும் அவங்க உன்னோடு மதுரையில். ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். மாத்திரையைப் போடு.

வெள்ளிக்கிழமை உனக்கு ரத்தம் ஏற்றுகிற நாள். காலை முதல் பஸ்ஸுக்கு நானும் வருகிறேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசவேண்டாம். பக்கத்து நாற்காலியில் இருப்பேன்.

ஆச்சி