"ஸ்டோன் சிப்ஸ்" என்று மட்டும் எழுதாதீர்கள்: கிரஷர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி வட்டார கிரஷர் உரிமையாளர்களுக்கும் ஏற்றுமதி வணிகர்களுக்கும் வணக்கம்.

ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஆவணம்) போட நீங்கள் தரும் இன்வாய்ஸில் பல நேரம் "ஸ்டோன் சிப்ஸ்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அதை வைத்துச் சுங்கத் தலைப்பை, அதாவது சரக்கின் வகையைக் குறிக்கும் எண்ணை, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தக் கல், எப்படி உருவானது, என்ன அளவு, என்ன வேலைக்கு: இந்த நான்கும் வேண்டும்.

முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி, ரயில் பாதை ஜல்லி எல்லாம் 2517.10. இந்தியச் சுங்கப் பட்டியலின் எட்டு இலக்கத்தில் 2517 10 10 ஜார்க்கண்டின் பாக்கூர் கல்லுக்கு உரியது. நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லிக்கு 2517 10 90. சுண்ணாம்புக் கல்லாக இருந்தாலும் கான்கிரீட்டுக்கு உடைத்தது என்றால் 2517தான். சிமென்ட், சுண்ணாம்பு தயாரிக்கப் போகும் கல்தான் 2521.

அதிகம் தவறுவது எம்-சாண்டில், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலில். பெயரில் மணல் இருக்கிறதே என்று 2505 போட்டுவிடுகிறார்கள். அந்தத் தலைப்பு இயற்கை மணலுக்கு மட்டும். இயந்திரத்தில் உடைத்துப் பெற்ற தூள் அதில் வராது என்று ஹெச்.எஸ். (பல நாடுகளுக்கும் பொதுவான சரக்கு வகைப்பாடு) விளக்கக் குறிப்பே சொல்கிறது. 4.75 மி.மீ. சல்லடையில் இறங்கிவிட்டால் மணல் என்று வாதிடாதீர்கள், அது கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 383இன் கணக்கு, சுங்கக் கணக்கு அல்ல. 2024-25இல் மாலத்தீவுக்கு ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன் எனத் தனித்தனி ஏற்றுமதி ஒதுக்கீடு இருந்தது. இப்படிப் பிரித்து ஒதுக்கும்போது தலைப்பு மாறினால் சரக்கு வேறு கணக்கில் போய் நிற்கும்.

மொசைக் தரைக்கான பளிங்குச் சிப்ஸ் 2517.41. அதற்குச் சாயம் ஏற்றிவிட்டால் 6802.10. கூழாங்கல்லைக் கழுவலாம், சலிக்கலாம். மெருகேற்றினால் 25ஆம் அத்தியாயத்தில் (25இல் தொடங்கும் தலைப்புகளில்) நிற்காது. தார் கலந்த ஜல்லி 2517.30.

இன்வாய்ஸில் இப்படி எழுதுங்கள்: "கருங்கல்லை உடைத்துச் சலித்த ஜல்லி, 10 முதல் 20 மி.மீ., கழுவியது, சாயமோ தாரோ சேராதது, கான்கிரீட்டுக்கு."

அளவை யூனிட்டில் தராதீர்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஜல்லி என்றால் ஏறத்தாழ நாலேகால் டன் வரும், ஆனால் கல்லுக்கும் அளவுக்கும் ஏற்ப மாறும். ஈரமான எம்-சாண்டில் தண்ணீரும் எடையில் ஏறும். அதனால் எடைமேடைச் சீட்டையே இணையுங்கள். அதே குவியலில் எடுத்த மாதிரியும் சலிப்பு அறிக்கையும் உங்கள் கையில் இருக்கட்டும். அதிகாரி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஒப்பிட அதுதான் உதவும்.

சுங்கச் சட்டம் 17ஆம் பிரிவின்படி வகைப்பாட்டை மதிப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. உருக்காலைக் கசடு கலந்த ஜல்லி போன்ற சிக்கலான சரக்கென்றால், சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ லாரி கிளம்பும் முன்பே அதே சட்டத்தின் 28எச் பிரிவில், வகைப்பாட்டை முன்பே தீர்மானித்துச் சொல்லும் முன்கூட்டிய தீர்ப்புக்கு விண்ணப்பியுங்கள். லாரி போன பிறகு கேட்டால் துறைமுகத்தில் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும்.

இப்படிக்கு,
சுங்க ஆவணப் பணியில் இருப்போர், கடலூர் – புதுச்சேரி