பிணைக்கு மட்டும்தான் எங்கள் கையெழுத்தா?

முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்களில் இருக்கிற எல்லோருக்கும்,

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கை ஒன்பது வருடமாக எழுதி வருகிறேன். உங்கள் கூட்டத்துக்கு இரண்டு தடவை வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் பின்வரிசையில் இருந்தேன், ஒரு வார்த்தை கதைக்க இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக்பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் ஊரில் பல வீடுகளில் ஆம்பிளை இல்லை. செத்தவர், காணாமல் போனவர், தடுப்பில் இருந்தவர். தறப்பாள் கொட்டிலைப் போட்டது, கிணறு இறைத்தது, பற்றை வெட்டிக் கச்சான் (நிலக்கடலை) போட்டது எல்லாம் பெண்கள்தான். வடக்கிலும் கிழக்கிலுமாக 89,000 போர் விதவைகள் என்று 2010இல் அரசாங்கமே சொன்னது. பிறகு அந்தப் பெண்களின் கையில் கொடுக்கப்பட்டது என்ன? தையல் மெசின், கோழிக்குஞ்சு, ஆடு. எங்கள் ஊரில் ஒரே வருடத்தில் பதினொரு தையல் மெசின் வந்தது. பதினொரு பேர் தைத்தால் ஊரில் யார் வாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்டிருந்தால் கச்சான் உடைக்கிற மெசின் ஒன்று போதும் என்று சொல்லியிருப்போம்.

அப்புறம் கடன் வந்தது. நுண்நிதிக் கம்பனிகள் கிழமைக்குக் கிழமை வசூலிக்கிற கிழமைக் கடன். இதை வாங்கியவர்களை நீங்கள் கூட்டத்தில் 'பேராசை' என்று சொன்னதை என் காதால் கேட்டேன், மனம் மிகவும் நொந்தது. வங்கிக்குப் போனால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை வேண்டும், காணிப் பத்திரம் வேண்டும். காணி அனுமதிப்பத்திரம் காணாமல் போன கணவரின் பெயரில் இருக்கிறது. அவர் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க அந்தப் பெண்ணுக்கு மனம் வராது, வரவும் கூடாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் விட்ட அரச அனுமதிக் காணியை மகளுக்கு முன் மகனுக்குத்தான் கொடுத்தது. அதைத் திருத்தவே 2022 வரை ஆயிற்று. வீட்டு வாசலுக்கு மோட்டார்சைக்கிளில் வந்து அடையாள அட்டையை மட்டும் கேட்டவனிடம் அவள் வாங்காமல் வேறு எங்கே வாங்குவாள்?

ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பொதுநோக்கு மண்டபத்தில், ஒருவர் கடனுக்கு மற்றவர் பிணைக் கையெழுத்து வைத்த ஐந்து பேர் கொண்ட குழு. கட்டுக்காசு 1,450 ரூபா, ஒரு அக்காவிடம் 900தான் இருந்தது. "குழு முழுதும் கட்டும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது அக்கா" என்றான் வந்த பெடியன், அவனுக்கும் என் மகன் வயதுதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றன. கடைசியில் அவள் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளின் மடியில் வைத்தாள், அவள் 550 ரூபாவை எடுத்து நீட்டினாள். இரண்டு பேரும் ஒரே பதுங்குகுழியில் இருந்து தப்பி வந்தவர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

கச்சான் போட்டால் மூன்றரை மாதம் பொறுக்க வேண்டும், கிழமைக் கடனோ ஏழாம் நாளே வாசலில் நிற்கும். 2016இல் வந்த நுண்நிதிச் சட்டம் பெரும்பாலும் வைப்புப் பணம் எடுக்கிற கம்பனிகளைத்தான் பிடித்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, நல்லதுதான். ஆனால் அது கட்ட முடியாமல் நின்றவர்களின் கடனுக்குத்தான். தோட்டை விற்று ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் சங்கத்தில், ஒருவர் கட்டுகிற காசை அடுத்தவருக்குக் கொடுக்கிற சுழற்சிக் கடன் இருக்கிறது. 15,000 ரூபா, மாதம் ஒரு வீத வட்டி, அறுவடை முடியக் கட்டலாம். யாருக்குக் கொடுப்பது என்று நாங்களே கூடி முடிவெடுக்கிறோம், ஏனென்றால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஒன்பது வருடத்தில் கட்டாமல் போனது இரண்டு பேர், இரண்டும் நோய். தொகைதான் போதாது, வரிசையில் இருபது பேர் காத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பெண் தலைமைக் குடும்பங்களுக்கென்று வருகிற வாழ்வாதாரக் காசை, பொருளாக வாங்கிப் பகிராமல், இப்படி இயங்குகிற மாதர் சங்கங்களினதும் கூட்டுறவுச் சங்கங்களினதும் சுழற்சி நிதியில் போடுங்கள். கணக்கைப் பிரதேச செயலகம் பார்க்கட்டும், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தீர்மானம் எங்களுடையதாக இருக்க வேண்டும். 2018 தேர்தலில் இருந்து உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் இருக்கிறது. அங்கே போன எங்கள் பிள்ளைகளையும் காசு ஒதுக்குகிற பேச்சு நடக்கும்போது கூப்பிடுங்கள், மாலை போட மட்டும் கூப்பிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தைக் காலை எட்டு மணிக்கு வைக்காதீர்கள். எங்கள் ஊரில் இருந்து முதல் பஸ் எட்டே காலுக்குத்தான். பத்தரைக்கு வைத்தால் கணக்குப் புத்தகத்தோடு ஆறு பேர் வருகிறோம்.